பட்டாளத்துக்காரனுக்குக் கொடுத்த நிலம்

போர் முடிந்து நான் திருத்தணிக்குத் திரும்பியபோது, பாவா எனக்கு முன்பே திரும்பியிருந்தார். பாவா என்றால் என் அக்காவின் கணவர். பர்மாப் பக்கத்தில் ரோடு போடும் பட்டாளத்தில் இருந்தவர். கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவர் அங்கே இருந்தபோதே அவருடைய பங்கு நிலத்தை அண்ணன்மார் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்கள். வந்தவருக்குக் காலும் இல்லை, கழனியும் இல்லை.

நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான். ஆனால் வடக்கே ஒரு ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. நான்கு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸையும் கம்பளியையும் பட்டியல் போட்டேன். துப்பாக்கி வெடிக்கிற சத்தத்தைப் பயிற்சி மைதானத்தில் கேட்டதோடு சரி. ஊரில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரி "பட்டாளத்தார்" என்றுதான் கூப்பிட்டார்கள். பாவாவின் எதிரில் யாராவது என்னை அப்படிக் கூப்பிட்டால் எனக்குக் கூசும்.

மலையடிவாரத்தில், குளத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் அக்கா குடியிருந்தாள். நானும் அங்கேயே தங்கிக்கொண்டேன். ரேஷன் ஆபீசில் தற்காலிகமாக ஒரு எழுத்தர் வேலை கிடைத்தது. பாவா காலையில் கட்டையை ஊன்றிக்கொண்டு படிக்கட்டு ஆரம்பிக்கிற இடம் வரை போவார். மூச்சு வாங்கினால் அங்கேயே உட்காருவார். ஒரு நாள் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒருவர் இறங்கி வந்தவர், போகிறபோக்கில் பாவாவின் மடியில் ஓரணாவைப் போட்டுவிட்டுப் போனார். பாவா அதை எடுத்து அவர் முதுகில் எறிந்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போவது குறைந்துவிட்டது.

அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. தீர்வை கட்டுகிறவனுக்கு உண்டு, படித்தவனுக்கு உண்டு, பட்டாளத்திலிருந்து விடுபட்டு வந்தவனுக்கும் உண்டு. எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் நிறையப் பேர். அதனால் திடீரென்று எங்களுக்கு மரியாதை வந்தது. எங்கள் தொகுதிக்கு நின்றவர் சித்தூர் கோர்ட்டில் வக்கீல், சொந்தமாக மாந்தோப்பும் கழனியும் உள்ளவர். ஒரு நாள் காலை அவர் ஜட்கா எங்கள் சந்துக்குள் வந்து நின்றது. அவரே இறங்கி வந்து பாவாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சாயந்தரம் மேடைக்கு வரணும். நீங்க வந்து நின்னாலே போதும். நான் பேசறது பத்தாது."

பாவா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

சந்தை மைதானத்தில் இரண்டு கட்டை வண்டிகளைச் சேர்த்துப் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். நாலு பேர் பாவாவைத் தூக்கி மேலே நிறுத்தினார்கள். வக்கீல் தெலுங்கில் கொஞ்சம் பேசினார், பிறகு தமிழுக்கு வந்தார். பேச்சின் நடுவில் நிறுத்தி, பாவாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். பாவா அசையவில்லை. வக்கீல் சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னார், இந்த முறை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"வெக்கப்படாதீங்க. வேட்டிய கொஞ்சம் தூக்குங்க. ஜனங்க பாக்கட்டும்."

பாவா தூக்கினார். கூட்டம் முழுக்க உச்சுக் கொட்டியது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதன் தாய் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே பாவா நிற்க, வக்கீல் வாக்குறுதிகளைச் சொல்ல ஆரம்பித்தார்.

நான் மேடைக்குக் கீழே நின்று எழுதினேன். குமாஸ்தாவாக இருந்த பழக்கம், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். ஊனப்பட்டு வந்தவனுக்குச் சர்க்கார் புறம்போக்கில் நிலம். ரயில்வேயில் வேலை. சென்னையிலிருந்து செயற்கைக் கால். பட்டாளத்தார் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் படிப்பு. சிங்கப்பூரிலும் பர்மாவிலும் காணாமல் போனவர்களைப் பற்றி மூன்று மாதத்தில் விசாரித்துப் பதில். இப்படி ஒன்பது. நான் எழுதுவதை அவர் மேடையிலிருந்து பார்த்துவிட்டார்.

"எழுதிக்கோ தம்பி, ஒண்ணையும் வுட்டுடாத. நாளைக்கு என்னை வந்து கேளு!" என்றார். கூட்டம் கை தட்டியது.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு வயதான அம்மாள் சற்றுத் தள்ளி நின்றுகொண்டே இருந்தாள். கே.ஜி.கண்டிகைப் பக்கத்துச் சேரியைச் சேர்ந்தவள். கூட மருமகள் நின்றாள். இன்று "அந்த அம்மாள்" என்று எழுதுகிறேன். அன்று நான் அவளை நீ, வா, போ என்றுதான் பேசினேன், என்னை விட முப்பது வயது மூத்தவளை. அவள் மடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, அதிலிருந்த காகிதத்தைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றாள். நான் எடுத்துப் படித்தேன். அவள் மகன் சிங்கப்பூர் விழுந்த சமயத்திலிருந்து காணவில்லை என்று இங்கிலீஷில் இருந்தது.

"இன்னா சாமி போட்டிருக்குது?"

"உன் மவன் காணோம்னு போட்டிருக்குது."

"அது தெரியும் சாமி. அந்தக் காயிதம் வந்தப்பவே போஸ்ட்டு ஐயா சொன்னாரு. செத்தானா, உசுரோட கீறானா? அத்த எங்கியாவது போட்டிருக்குதா?"

போட்டிருக்கவில்லை. செத்திருந்தால் பென்ஷன் வந்திருக்கும், பென்ஷன் வந்தால் அவளுக்கு ஓட்டும் வந்திருக்கும். காணாமல் போனவனின் தாய்க்கு இரண்டும் இல்லை. இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் மகனின் பெயரையும் பட்டாள நம்பரையும் நோட்டில் அந்த வாக்குறுதிக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நானே ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்பதாகவும் சொன்னேன். அவள் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

வக்கீல் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். மூன்று மாதம் பொறுத்து நான் அவர் வீட்டுக்குப் போனேன். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நோட்டைப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். "ஆங், ஆங், எல்லாம் நடக்கும். எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் எதிரில் "எழுதியிருக்கிறார்" என்று குறித்துக்கொண்டேன். அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். நாலாவது முறை காப்பி இல்லை. ஆறாவது முறை வாசல் கேட்டிலேயே நிறுத்தி, ஐயா குளிக்கிறார் என்றார்கள். நான் இரண்டு மணி நேரம் நின்றேன். அவர் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஜட்காவில் ஏறி என் பக்கமாகவே போனார்.

செயற்கைக் கால் மட்டும் ஒன்று வந்தது. ரயில் பார்சலில் வந்ததை எம்.எல்.ஏ.யின் ஆள் கொண்டுவந்து கொடுத்தான். பிரித்துப் பார்த்தோம். இடது கால். பாவா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அக்கா அதைச் சுவரோரம் நிறுத்தி வைத்தாள். நான் எம்.எல்.ஏ.யிடம் போய்ச் சொன்னேன்.

"இடதோ வலதோ, வந்துச்சா இல்லியா? அதை எழுதிக்கோ" என்றார்.

மறு வருஷம் சுதந்திரம் வந்தது. கொடியேற்றிய மறு நாள் சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் மலைக்குச் சாமி பார்க்க வந்தார். அவரோடு எங்கள் எம்.எல்.ஏ.யும் தாசில்தாரும் ஊர்ப் பெரியவர்களும் படியிறங்கி வந்தார்கள். அடிவாரத்தில் பந்தல் போட்டு மோர் கொடுத்தார்கள். அங்கே, அத்தனை பேர் நடுவில், நான் நோட்டை எடுத்து ஒன்பது வாக்குறுதிகளையும் சத்தமாகப் படித்தேன். எதிரில் இருந்த குறிப்புகளையும் படித்தேன். எழுதியிருக்கிறார், எழுதியிருக்கிறார், வந்தது, இடது கால். அங்கே ஒரு சிரிப்பு எழுந்தது. பெரிய மனிதரும் சிரித்தார். எம்.எல்.ஏ. பக்கம் திரும்பி, "என்ன, ஒண்ணாவது ஒழுங்கா செஞ்சீங்களா?" என்றார்.

எனக்கு அன்று நெஞ்சு நிமிர்ந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடமும் பாவாவிடமும் நடித்தே காட்டினேன்.

மறு வாரம் எம்.எல்.ஏ. ஆள் அனுப்பினார். போனேன். அவர் கோபமாக இல்லை. தோளில் கை போட்டார்.

"உனக்கு ஒண்ணு நடக்கணும், அவ்ளோதானே? நடக்குது. உன் பாவாவுக்கு ரெண்டு ஏக்கரா நிலம். தாசில்தார் கையெழுத்துப் போட்டுட்டாரு. வெள்ளிக்கிழமை காலைல நானே வந்து கையில குடுக்கறேன். போட்டோக்காரனும் வர்றான். நீயும் அந்த நோட்டை எத்துகினு வந்துடு."

வெள்ளிக்கிழமை பாவாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கண்டிகைப் பக்கம் போனோம். அக்கா புதுப் புடவை கட்டியிருந்தாள். கர்ணம் நிலம் அளக்கிற சங்கிலியை வைத்துக்கொண்டு நிலத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். நிலத்தில் வேர்க்கடலை பூ விட்டிருந்தது. மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் ஒரு குடிசை. குடிசை வாசலில் அந்த அம்மாளும் மருமகளும் நின்றிருந்தார்கள்.

புறம்போக்குதான். ஆனால் கல் பொறுக்கி, முள் வெட்டி, அவர்கள் குடும்பம் பத்து வருஷத்துக்கு மேலாகப் பயிர் செய்துவந்த இடம். ஏரிக்கரை ஓரமாக இதைவிட நல்ல புறம்போக்கு இருந்தது. அதை எம்.எல்.ஏ.யின் பங்காளிகள் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் அளக்கவில்லை.

நான் எம்.எல்.ஏ.யிடம் போய், "ஐயா, இது அந்தக் காணாமப் போனவன் வூடுங்க. நம்ம நோட்டுல இவங்களும் இருக்கறாங்க" என்றேன்.

"அது வேற வாக்குறுதி. இது வேற வாக்குறுதி. ஒண்ணு ஒண்ணாத்தானே செய்ய முடியும்?" என்றார்.

தலையாரியும் இன்னும் இரண்டு பேரும் குடிசைக்குள் போய்ச் சட்டி பானைகளை எடுத்து வெளியே வைத்தார்கள். கூரையைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். மருமகள் கத்தினாள். அந்த அம்மாள் கத்தவில்லை. தகர டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே எம்.எல்.ஏ.யின் காலடிக்கு வந்தாள்.

"சாமி, எம்மவனும் பட்டாளத்துக்குப் போனவன்தான் சாமி. இந்தா பாருங்க காயிதம். பட்டாளத்தானுக்கு நிலம்னு நீங்கதானே சொன்னீங்க. எங்கிட்ட கீறத புடுங்கி இன்னொரு பட்டாளத்தானுக்குக் குடுக்கறீங்களே."

எம்.எல்.ஏ. காகிதத்தை வாங்கவில்லை. எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"இல்லேன்னு சொன்னேனா? உன் மவன் வரட்டும். அவனுக்கும் குடுக்கறேன். போய் இட்டுகினு வா."

கர்ணம் சிரித்தார். போட்டோக்காரன் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் எடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டான். பாவாவின் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, கடலைச் செடிகளின் நடுவில் நிறுத்தினார்கள். அவர் ஊன்றுகோலையும் மண்வெட்டியையும் சேர்த்துப் பிடிக்க முடியாமல் தடுமாறினார். என்னைக் கூப்பிட்டுப் பின்னாலிருந்து அவர் இடுப்பைத் தாங்கச் சொன்னார்கள். தாங்கினேன். அந்தப் போட்டோவில் பாவாவும் எம்.எல்.ஏ.யும் இருக்கிறார்கள். பாவாவின் இடுப்பில் என் விரல்கள் மட்டும் தெரியும்.

வண்டியில் திரும்பும்போது பாவா சொன்னார்: "மச்சான், இது வேணாம்டா. திருப்பிக் குடுத்துடலாம்."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "திருப்பிக் குடுத்துட்டு? மறுபடியும் படிக்கட்டாண்ட போய் உக்காரப் போறியா? மடியில காசு போட ஆளு வருவாங்க" என்றாள்.

பாவா ஊன்றுகோலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு நோட்டில் முதல் வாக்குறுதிக்கு எதிரில் "நிறைவேறியது" என்று எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

அந்த அம்மாளும் மருமகளும் சேரியில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்னால் சாய்ப்பு இறக்கித் தங்கினார்கள். எங்களுக்குக் களையெடுக்க ஆள் வேண்டியிருந்தது. கண்டிகைப் பக்கத்தில் அந்தப் பருவத்தில் வேறு வேலை இல்லை. கூலிக்கு வந்தவர்களில் அந்த அம்மாளும் இருந்தாள். அவள் விதைத்த கடலைக்கு அவளே கூலிக்குக் களை எடுத்தாள். அக்கா அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்றவர்களை விட நன்றாகச் செய்வாள் என்று கணக்குப் போட்டாள்.

பாவா வரப்பில் உட்கார்ந்து மேற்பார்த்தார். முதல் இரண்டு நாள் அவள் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள், "ஏய் கெழவி, பாத்து எடு. செடிய புடுங்கிடப் போற" என்று அதட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பாவா அதட்டிப் பேசுகிறவர் இல்லை. அதற்குப் பிறகு தினமும் அவளை மட்டும் அதட்டினார். சீக்கிரம் வரவில்லை, வெற்றிலை போடுகிறாள், நிழலில் நிற்கிறாள். ஒரு நாள் அவள் தண்ணீர் கேட்டபோது, "வாய்க்கால்ல குடி" என்றார். வாய்க்காலில் அப்போது சேறுதான் இருந்தது. அவள் அதன் ஓரத்தில் குந்தி, கையால் சேற்றை விலக்கி, ஊறி வரும்வரை காத்திருந்து குடித்தாள்.

புரட்டாசி கடைசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ரெக்கார்டு ஆபீசுக்கு நான் எழுதியிருந்ததற்குப் பதில். அந்த அம்மாளின் மகன் சிங்கப்பூரில் ஜப்பான்காரர்களிடம் சிறைப்பட்டு, ஏதோ ஒரு தீவில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்துவிட்டான் என்று எழுதியிருந்தார்கள். தாய் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது.

நான் அதை எடுத்துக்கொண்டு உடனே கண்டிகைக்குப் போயிருக்க வேண்டும். நேரே தாலுக்கா ஆபீசுக்குத்தான் போனேன். அங்கே தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருந்தார். யாருக்கோ கேட்பதுபோல, போரில் இறந்தவன் குடும்பம் பயிர் செய்யும் புறம்போக்கை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"முடியாதுங்க. அவங்களுக்குத்தான் மொதல்ல. ஆட்சேபணை எழுதிக் குடுத்தா, மத்தவனுக்குக் குடுத்தத ரத்து பண்ணிடுவாங்க. ஆனா பட்டா எழுதறதுக்குள்ள குடுக்கணும்" என்றார்.

பாவாவுக்குப் பட்டா வர இன்னும் ஆறு வாரம் இருந்தது. அறுவடைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கடிதத்தை என் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாம் வாரம் நினைப்பதை விட்டுவிட்டேன். அந்த ஆறு வாரத்தில் அவளை நான் பலமுறை கழனியில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாள்.

"காயிதம் ஏதாச்சும் வந்துச்சா சாமி?"

"வர்ல."

"வந்தா சொல்லுங்க சாமி."

"ஆங், சொல்றேன்."

கார்த்திகையில் கடலை பிடுங்கினோம். நல்ல விளைச்சல். அவளும் பிடுங்கினாள், காய் ஆய்ந்தாள். அக்கா ஒரு சட்டி உப்புப் போட்டு வேகவைத்தாள். பாவா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பட்டா வந்து நான்காம் நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போனேன்.

அவள் அழவில்லை. தீவு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கடலுக்கு நடுவில் என்றேன். எரித்தார்களா, புதைத்தார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். மருமகள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் கேட்டாள்:

"இந்தக் காயிதம் எப்போ சாமி வந்துச்சு?"

"நேத்து" என்றேன்.

"வந்த ஒடனே எத்துகினு வந்தியே சாமி. நீ நல்லா இருக்கணும்."

மறு நாள் காலையில் சந்து முனையில் வந்து நின்றாள். எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டாள். அக்காவைக் கூப்பிட்டு ஒரு சுரைக்காயைத் தரையில் வைத்துவிட்டு, "சாமிக்குக் குடும்மா" என்று சொல்லிப் போனாள். அக்கா அதைக் கூட்டு வைத்தாள்.

பென்ஷனுக்கு நான்தான் மனு எழுதினேன். அடுத்த ஆனி மாதம் வந்தது. எம்.எல்.ஏ. அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். காணாமல் போனவனைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். நான் முன் வரிசையில் இருந்தேன், எழுந்து எதுவும் கேட்கவில்லை. மற்ற வாக்குறுதிகளையும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் அவர் இப்போது முதலில் சிரிப்பார். மறுபடியும் காப்பி கொடுக்க ஆரம்பித்தார். ரேஷன் ஆபீசில் என் வேலையையும் நிரந்தரமாக்கிக் கொடுத்தார்.

அந்த அம்மாள் பென்ஷன் வாங்கி இரண்டு வருஷம் இருந்தாள். பிறகு மருமகள் ஆர்.கே.பேட்டையில் தறி வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பாவா அந்த நிலத்தில் ஐந்தாறு போகம் பயிர் வைத்தார். ஆள் மாறினாலும் அவர் அதட்டல் மாறவில்லை. கூலிக்கு வருகிறவர்கள் அவர் பெயரைச் சொன்னாலே வேறு கழனிக்குப் போக ஆரம்பித்தார்கள்.

வெகுகாலம் கழித்து, பாவாவும் போன பிறகு, ஒரு மதியம் அக்காவிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஆறு வாரம் பெட்டியில் வைத்திருந்ததைச் சொன்னேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டா" என்றாள். "உன் பொட்டியில துணி எடுக்கறப்ப பாத்தேன். அதே மாதிரி கவர்லதான் உன் பாவாவுக்குக் கால் போச்சுன்னு எனக்குக் காயிதம் வந்துச்சு. பாத்ததும் தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் கேக்கலியே அக்கா?"

"இன்னாத்த கேக்கறது? நீ அத்த அவகிட்ட எத்துகினு போயி, நிலம் கைய வுட்டுப் போயிடுமேன்னுதான் தெனம் பயந்துகினு இருந்தேன். போறாப்போல தெரிஞ்சிருந்தா நானே அடுப்புல போட்டிருப்பேன்."

முறத்தைத் தட்டி நொய்யைத் தனியாகக் கொட்டினாள். கல் ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.